வாஷ் படத்தை லைன் படமாக அச்சிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பழைய புத்தகங்களின் நிலக்காட்சிப் படங்களைப் பற்றி வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது. கூடப் போட்ட படம்தான் அதைக் கவிழ்த்துவிட்டது. வில்லியம் கில்பின் மை வாஷில், அதாவது தண்ணீர் கலந்த மையைப் பரப்பாக ஓட்டும் முறையில், தீட்டிய ஆற்றங்கரைக் காட்சி, கரிச்சட்டியைக் காகிதத்தில் கவிழ்த்த மாதிரி அச்சாகியிருந்தது. தூரத்து மலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. முன்னால் உள்ள கரையும் மரமும் பாறையும் ஒரே கறுப்புத் திட்டு. நடுவில் இருந்த நாலைந்து சாம்பல் டோன்கள், அதாவது அடர்த்திப் படிகள், போன இடம் தெரியவில்லை. கீழே ‘பேனா ஓவியம்’ என்று குறிப்பு வேறு. அச்சில் வந்ததை மட்டும் பார்த்து எழுதியவர் அப்படித்தான் எழுதுவார்; அவரைக் குறை சொல்வதற்கில்லை.

அதே பக்கத்தில், சிறுவர் கதைகளுக்கு மை வாஷில் நிலக்காட்சி வரைந்து அனுப்புமாறு இளம் ஓவியர்களைக் கேட்டிருக்கிறீர்கள். ‘கறுப்பு மையில் தண்ணீர் கலந்து தீட்டினால் போதும்’ என்று ஒரே வரியில் வழியும் சொல்லியிருக்கிறீர்கள். அந்த வரியை நம்பி இறங்கப்போகும் பிள்ளைகளுக்காகவும், அவர்கள் படத்தை அச்சுக்கு அனுப்பப்போகும் உங்கள் அலுவலகத்துக்காகவும் இதை எழுதுகிறோம்.

புத்தகத்துக்கு வரையும் வாஷ் படம் சுவரில் மாட்டுவதற்கு அல்ல, அச்சுத் தகட்டுக்குப் போவதற்கு. அதில் எத்தனை டோன் இருக்கலாம், வெள்ளை எங்கே நிற்க வேண்டும், கோடு எவ்வளவு தடிமன் என்பதையெல்லாம் முடிவு செய்வது அச்சு முறை. கில்பின் காலத்திலும் அப்படித்தான்.

கில்பின் ஒரு பாதிரியார். 1770 கோடையில் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் எல்லையாக ஓடும் வை ஆற்றில் பயணம் செய்து எழுதிய குறிப்புகள், 1782 என்ற ஆண்டு பொறித்த புத்தகமாக வந்தன. அவர் வரைந்தவை பென்சில் கோட்டின்மேல் கறுப்பு மையை இரண்டு மூன்று டோன்களில் ஓட்டிய படங்கள். இந்த இடம் அந்த இடம் என்று அடையாளம் காட்டும் படங்கள் அல்ல. ஒரு காட்சியின் பொதுவான அமைப்பைச் சொல்பவை. காகிதத்தின் அப்பட்டமான வெள்ளை கண்ணை உறுத்தாமலிருக்க லேசான மஞ்சள் சாயத்தையும் ஓட்டிவிடுவார். இதைச் செம்பில் எப்படிக் கொண்டுவருவது? சாதாரணச் செதுக்குத் தகட்டில் கோடுதான் வரும், பரப்பு வராது. அதற்குத்தான் பரப்பையும் அச்சில் கொண்டுவரும் அக்வாடின்ட் என்ற தகட்டு முறை வந்தது. பிரான்சில் 1760-களின் கடைசியில் லெ பிரன்ஸ் என்ற ஓவியர் கையாண்ட முறை அது. இங்கிலாந்தில் ஓவியர் பால் சாண்ட்பி 1775-ல் தெற்கு வேல்ஸ் காட்சிகள் பன்னிரண்டை அதே முறையில் வெளியிட்டார். கில்பினின் வை ஆற்றுப் புத்தகத்துக்கு அவருடைய தம்பி மகன் அக்வாடின்ட் தகடுகள் செய்து கொடுத்தார்.

அந்த வேலை நடக்கும் வரிசையைக் கவனித்தால் வாஷ் படத்தின் ரகசியம் பாதி விளங்கிவிடும். செம்புத் தகட்டின்மேல் ரோசின் என்ற பிசின் தூளை மெல்லப் படியவிட்டு அடியில் சூடு காட்டுவார்கள். துகள்கள் உருகித் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். அமிலத்தில் இட்டால் துகளுக்கும் துகளுக்கும் இடையில் மட்டும் செம்பு அரிபடும். அந்தப் பொடிக்குழிகளில் மை நின்று சாம்பல் நிறமாக அச்சாகும். ஆனால் அமிலத்தில் இடுவதற்கு முன்பே, படத்தில் தூய வெள்ளையாக நிற்க வேண்டிய இடங்களை வார்னிஷ் பூசி மூடிவிட வேண்டும். முதல் அரிப்பு முடிந்ததும் வானத்தையும் தூரத்து மலையையும் மூடுவார்கள். மறுபடி அமிலம். அடுத்து நடுத்தூரம். இப்படியே போய், கடைசியாகத் திறந்திருப்பது முன்னணிப் பாறையும் மரமும்தான். நெடுநேரம் அரிபட்டு அவை கருத்துப்போகும். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு ஒரே வழி. திரும்பி வர முடியாது. வாஷ் தீட்டுகிறவரும் இதே பாதையில்தான் போக வேண்டும், ஏனென்றால் ஏறின மை இறங்காது. இன்னொன்று: தகட்டில் வரைந்தது அச்சில் இடவலம் மாறிவிடும் என்பதால், தகடு செய்பவர் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி வரைவார். மூலப் படத்தையும் அச்சையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று பாருங்கள், திருப்பி வரையாத தகட்டுக்காரரின் சோம்பல் தெரிந்துவிடும்.

நம் ஊருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஆங்கில ஓவியர்களான தாமஸ் டேனியலும் உறவில் இளையவரான வில்லியம் டேனியலும் 1786-ல் கல்கத்தாவில் இறங்கி, 1792-ல் சென்னைக்கு வந்து அங்கிருந்து தெற்கே பயணம் செய்தார்கள். கேமரா அப்ஸ்கூரா பெட்டி வழியாக உருவத்தைக் காகிதத்தில் விழச்செய்து பென்சிலில் கோடெடுத்து, மேலே வாஷ் ஓட்டினார்கள். இங்கிலாந்து திரும்பிய பிறகு 1795 முதல் 1808 வரை அவர்கள் வெளியிட்ட 144 அக்வாடின்ட் படங்களில் நம் பாபநாசம் அருவியும் குற்றால அருவியும் இருக்கின்றன. வண்ணம் அச்சுக்குப் பிறகு கையால் ஏற்றியது. அடுத்த முறை அந்தப் படங்களைப் போடுவதாக இருந்தால் ‘நீர்வண்ணம்’ என்று குறிப்பு எழுதிவிட வேண்டாம். ‘வண்ணம் தீட்டிய அக்வாடின்ட் அச்சு’ என்பதே சரி.

இனி மை. கடையில் ‘இந்தியன் இங்க்’ என்று கிடைப்பது கரித்தூளை அரக்குக் கரைசலில் கலந்தது. காய்ந்தால் தண்ணீரில் கரையாது; ஒரு வாஷின்மேல் இன்னொரு வாஷ் ஏற்ற ஏற்றது. ஆனால் தவறு நேர்ந்தால் துடைத்தெடுக்க முடியாது. பிரஷ்ஷில் காயவிட்டால் அந்த பிரஷ்ஷுக்கு அன்றோடு ஆயுள் முடிந்தது. கல்லில் உரைக்கும் சீன மைக்கட்டி கரியும் வஜ்ஜிரப் பசையும் சேர்ந்தது. டோன் இன்னும் மிருதுவாக இறங்கும், ஆனால் காயாத மேல்வாஷில் அடிவாஷ் கொஞ்சம் கிளம்பி வரும். பவுண்டன் பேனா மையில் மட்டும் இறங்காதீர்கள். அது கரி அல்ல, சாயம். தண்ணீர் பட்டதும் நீலமாகவும் ஊதாவாகவும் பிரிந்து வளையம் போடும், வெயில் படும் இடத்தில் சில மாதங்களில் வெளுத்துப்போகும்.

தண்ணீரைப் பற்றி யாரும் சொல்வதில்லை, ஆனால் நம் பக்கத்தில் பாதிப் படங்கள் கெடுவது அதனால்தான். போர் தண்ணீரில் உப்பு அதிகம். மை அதில் பட்டதும் கரித்துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு, பால் திரிந்ததுபோல் பொடிப்பொடியாக நிற்கும். தீட்டினால் வானம் முழுக்க மிளகுத்தூள் தூவினாற்போல் இருக்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரோ ஆர்.ஓ. தண்ணீரோ பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

டோன்களை முதலிலேயே கலந்து வைத்துக்கொள்ள வேண்டும். நான்கு சின்னக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் 20 மி.லி. தண்ணீர். சொட்டு போடும் குழாயால் முதல் கிண்ணத்தில் 1 சொட்டு மை, அடுத்ததில் 3, அதற்கடுத்து 9, கடைசியில் 27. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏற்றினால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. மடங்காக ஏற்றினால்தான் படி படியாகத் தெரியும். கம்பெனிக்குக் கம்பெனி மையின் அடர்த்தி மாறும் என்பதால், அதே காகிதத்தின் ஒரு துண்டில் நாலு கட்டம் தீட்டிக் காயவிட்டுப் பார்த்துத்தான் கைவைக்க வேண்டும். ஈரத்தில் பார்த்ததைவிடக் காய்ந்ததும் வெளிறித் தெரியும். காகித வெள்ளை ஒன்று, இந்த நான்கு, கடைசியில் கலக்காத மை, ஆக ஆறு. செய்தித்தாளுக்கு இதற்கு மேல் ஒரு டோன் கூட்டினாலும் வீண்.

காகிதம் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்திக் காகிதமாக இருந்தால் நிம்மதி. கார்ட்ரிட்ஜ் காகிதத்தில்தான் முடியும் என்றால், ஐந்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்துப் பலகையில் விரித்து நாலு பக்கமும் பசை நாடா ஒட்டி இரவு முழுக்கக் காயவிட வேண்டும். இல்லையென்றால் நனைந்ததும் அப்பளம்போல் எழும்பி, பள்ளத்திலெல்லாம் மை தேங்கும். மழைக்காலத்தில் பீரோவில் கிடந்த காகிதத்தையும் நம்பக்கூடாது. பூஞ்சை மேற்பசையைத் தின்றுவிட்டிருக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாது, வாஷ் பட்டதும் அந்த இடம் மட்டும் மையை உறிஞ்சிக் கறுப்புப் புள்ளியாகக் காட்டிக்கொடுக்கும். ரப்பர் போட்டுத் தேய்த்த இடமும் அப்படித்தான். அதனால் பென்சில் கோட்டை லேசாக, ஒரே முறையில் போடப் பழக வேண்டும்.

அளவு: அச்சில் 10-க்கு 14 செ.மீ. வர வேண்டுமென்றால் 15-க்கு 21-ல் வரையலாம், ஒன்றரை மடங்கு. அதற்கு மேல் பெரிதாக வரைந்தால் சுருங்கும்போது இலைகளெல்லாம் ஒட்டிக்கொள்ளும். மெல்லிய பேனாக் கோடு காணாமலே போகும்.

இப்போது வாஷ். பலகையின் தலைப்பக்கம் கீழே ஒரு தடித்த புத்தகம் வைத்துச் சாய்த்துக்கொள்ளுங்கள். 10-ஆம் நம்பர் உருண்டை பிரஷ்ஷை முதல் கிண்ணத்தில் நன்றாக நனைத்து, வானத்தின் உச்சியில் இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு. இழுத்ததும் அதன் கீழ்விளிம்பில் மைநீர் ஒரு நூல் தடிமனுக்குத் திரண்டு நிற்கும். அந்த நீர்வரம்புதான் உயிர். அடுத்த இழுப்பை அந்த வரம்பின் அடியைத் தொட்டுக்கொண்டு இழுக்க வேண்டும். அது கீழே இறங்கிவந்து புது விளிம்பில் நிற்கும். வரம்பு வற்றுவதற்குள் அடுத்த இழுப்பு வந்தாக வேண்டும். வற்றிவிட்டால் அங்கே ஒரு கோடு விழும், பிறகு எதுவும் செய்ய முடியாது. அடிவரை வந்ததும் பிரஷ்ஷைத் துணியில் பிழிந்து, மிச்சமுள்ள நீரை அதன் நுனியால் உறிஞ்சியெடுத்துவிட வேண்டும். இதை மறந்துவிட்டு எழுந்து போனால், தேங்கிய நீர் பாதி காய்ந்த பகுதிக்குள் மேலேறி, கரித்துகளைத் தள்ளிக்கொண்டுபோய் ஓரத்தில் ஒதுக்கும். காலிஃபிளவர் பூவை அழுத்தி வைத்தாற்போல் ஒரு கறை விழும். பாதி காய்ந்த இடத்தில் ‘கொஞ்சம் சரிசெய்கிறேன்’ என்று ஈர பிரஷ்ஷை வைத்தாலும் அதே பூதான். ஒரு இடம் பிடிக்கவில்லையா? முழுக்கக் காயும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்.

காய்ந்ததா என்று பார்க்க விரலால் தொடக்கூடாது. விரல் எண்ணெய் பட்ட இடத்தில் அடுத்த வாஷ் ஒட்டாது. புறங்கையைக் காகிதத்துக்கு மிக அருகில் கொண்டுபோனால், ஈரம் இருந்தால் குளிர்ச்சி தெரியும். ஃபேனை வேகமாகப் போட்டாலோ ஹேர் டிரையரைக் கிட்டத்தில் பிடித்தாலோ மைநீர் அலையடித்து அப்படியே உறைந்துவிடும்.

முதல் வாஷ் வெள்ளை நிற்க வேண்டிய இடம் தவிர எல்லாவற்றின்மேலும் போகலாம். இரண்டாவது, தூரத்து மலையிலிருந்து கீழே. மூன்றாவது நடுமரங்கள், கரை. நான்காவது முன்னணி. ஒவ்வொரு வாஷும் முந்தையதன்மேல் ஏறுவதால் பின்னணி தானாகவே வெளுத்துப் பின்னுக்குப் போகும். பொதிகைமலையைக் காலை நேரத்தில் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்: கிட்டத்து மலை கறுப்பு, அதன் பின்னால் சாம்பல், அதற்கும் பின்னால் வானத்திலிருந்து பிரித்தறிய முடியாத ஒரு வெளிறிய விளிம்பு. கடைசியாகத்தான் பேனாவும் காய்ந்த பிரஷ்ஷும். பிரஷ்ஷைக் கிட்டத்தட்ட வறட்சியாக்கிச் சொரசொரப்பான காகிதத்தின்மேல் படுக்கையாக இழுத்தால் பாறையின் தோல் தானாக வரும். முன்னணியில் மட்டும் இதைச் செய்யுங்கள். தூரத்து மலையில் இலை வரைகிறவர்கள் படத்தின் ஆழத்தைத் தாங்களே அடைத்துவிடுகிறார்கள்.

அருவி வரைய ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று: அருவியை வரையக்கூடாது, அதைச் சுற்றியுள்ள பாறையைத்தான் வரைய வேண்டும். அருவி என்பது தொடாமல் விட்ட காகிதம். முதல் வாஷிலிருந்து கடைசி வரை அந்த நீள்பட்டையைக் காப்பாற்றிக்கொண்டு வந்து, வாஷ் தீட்டிய கையோடு, அது காயத் தொடங்குவதற்குள், விளிம்பை மட்டும் இரண்டு மூன்று இடங்களில் சுத்தமான ஈர பிரஷ்ஷால் கரைத்துவிட்டால் சாரல் கிடைக்கும். எல்லா இடத்திலும் கரைத்தால் புகைபோல் ஆகிவிடும். மறைப்புக்கு ரப்பர் பால் பூசுகிறவர்கள் அன்றைக்கே உரித்தெடுத்துவிட வேண்டும். நம் சூட்டில் ஒரு வாரம் கிடந்தால் அது காகிதத் தோலோடுதான் வரும். கடைசியில் வெள்ளை போஸ்டர் கலரால் அருவியைத் தீட்டிவிடலாம் என்ற குறுக்குவழி நேரில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஸ்கேனில் அந்த வெள்ளையும் காகித வெள்ளையும் வேறு வேறாகத் தெரியும், அடிக்கறுப்பு வேறு கசிந்து மேலே வரும்.

இனி உங்கள் அலுவலகத்துக்கு. எழுத்துக்கோத்து அச்சிட்ட நாட்களில் கோட்டை மட்டும் அச்சிடும் லைன் பிளாக், சாம்பலைச் சின்னப் புள்ளிகளாக உடைத்து அச்சிடும் ஹாஃப்டோன் பிளாக் என்று இரண்டு வகை அச்சுக்கட்டைகள் இருந்தன. துத்தநாகத்தில் செய்யும் லைன் பிளாக் மலிவு, மட்டக் காகிதத்திலும் விழும். ஹாஃப்டோன் பிளாக் செலவு அதிகம், வழவழப்பான காகிதமும் கேட்கும். நம் பத்திரிகை ஓவியர்கள் கோட்டையும் குறுக்குக் கோட்டையும் அவ்வளவு நயமாகக் கையாளப் பழகியதற்கு அந்தச் செலவுக் கணக்கும் ஒரு காரணம். இன்று அந்தச் சிக்கல் இல்லை; ஆனால் ஸ்கேனரில் ‘பிட்மேப்’ என்ற பொத்தானை அழுத்தினால் பழைய லைன் பிளாக் கதைதான். ஒவ்வொரு புள்ளியும் கறுப்பா வெள்ளையா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும், சாம்பலுக்கு இடமில்லை. கில்பின் படத்துக்கு நேர்ந்தது இதுதான் என்று அதைப் பார்த்தவுடனேயே தெரிகிறது.

வாஷ் படத்தை, சாம்பல் படிகளையும் பதிவு செய்யும் ‘கிரேஸ்கேல்’ முறையில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். அச்சளவில் அங்குலத்துக்கு 300 புள்ளி நின்றால் போதும். ஒன்றரை மடங்கில் வரைந்ததை 300-ல் ஸ்கேன் செய்தால் சுருங்கும்போது 450 ஆகிவிடும், தாராளம். ‘ஆட்டோ’ திருத்தத்தை அணைத்துவிடுங்கள். அது காகிதத்தின் மங்கலையும் வானத்தின் முதல் வாஷையும் ஒன்றாக நினைத்து இரண்டையும் துடைத்துவிடும். செய்தித்தாள் காகிதத்தில் மை பரவும். 50 விழுக்காட்டுச் சாம்பல் அச்சாகும்போது 75-ஐ எட்டிவிடுகிறது. அதனால் நடு டோன்களை முன்கூட்டியே வெளுப்பாக்க வேண்டும். மிக வெளிறிய வாஷ் 5 விழுக்காட்டுக்குக் கீழே போனால் புள்ளியே விழாது. இருட்டு 85-க்கு மேலே போனால் அடைத்துக்கொள்ளும். பேனாக் கோடு மட்டும் முழுக்கறுப்பாக நிற்கலாம். கோடும் வாஷும் கலந்த படத்தில் கோடும் புள்ளியாக உடைந்து பிசிறடிக்கும். கோட்டைத் தனித் தாளில் எடுத்து 1200-ல் லைனாக ஸ்கேன் செய்து வாஷின்மேல் சேர்ப்பதுதான் வழி. கூடுதல் வேலைதான், புத்தகத்தில் வரும் படமென்றால் செய்யத் தகும். இரண்டு பக்கம் நிறையும் படத்தில் மடிப்புக்கு இருபுறமும் ஒரு செ.மீ. வெறும் வானமோ தண்ணீரோ இருக்கட்டும். கோயில் கோபுரத்தை அங்கே நிறுத்தினால் தையல் விழுங்கிவிடும்.

உங்கள் அறிவிப்பை மறுபடி வெளியிடும்போது நான்கு விஷயங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: வரைய வேண்டிய அளவு, ஆறு டோனுக்கு மேல் வேண்டாம் என்பது, வெள்ளைக் கலர் கூடாது என்பது, மூலப் படத்தைச் சுருட்டாமல் இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து அனுப்ப வேண்டும் என்பது. செல்போனில் படமெடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினால் டியூப் லைட் ஒரு பக்கத்தை வெளுக்கவைத்திருக்கும். வாட்ஸாப் கோப்பைச் சுருக்குவதில் வானம் படிக்கட்டு படிக்கட்டாக உடைந்திருக்கும். அனுப்புகிறவர்களும் தபாலில் போடுவதற்கு முன் ஒரு ஜெராக்ஸ் எடுத்துப் பார்க்கலாம். ஜெராக்ஸ் இயந்திரம் பாதி டோனைத் தின்ற பிறகும் முன்னணி, நடு, தூரம் மூன்றும் பிரிந்து தெரிகிறதென்றால் அந்தப் படம் செய்தித்தாளில் பிழைத்துக்கொள்ளும்.

கில்பினின் ஆற்றங்கரைப் படத்தையும் கிரேஸ்கேலில் மறுபடி ஒருமுறை போட்டுவிடுங்கள். அந்தத் தூரத்து மலையை வாசகர்கள் இன்னும் பார்க்கவில்லை.

இப்படிக்கு,
புத்தகச் சித்திரமும் அச்சுத் தயாரிப்பும் செய்யும் வாசகர்கள் இருவர்,
திருநெல்வேலி